ஒரு கிராம் ரேடியமும் ஒரு தங்கச் சாவியும்

1921 மே 20. வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் வாரன் ஹார்டிங், மேரி கியூரியிடம் ஒரு சிறு தங்கச் சாவியைக் கொடுத்தார். ஈயத் தகடு பதித்த பெட்டியின் சாவி அது. பெட்டிக்குள் இருக்கவேண்டிய ஒரு கிராம் ரேடியம் மட்டும் அங்கே இல்லை. ஆபத்து கருதி அதைத் தொழிற்சாலையிலேயே வைத்திருந்தார்கள்.

அந்த ஒரு கிராமின் விலை 1 லட்சம் டாலர். ரேடியத்தைக் கண்டுபிடித்தும் காப்புரிமை பெறாமல் உலகுக்கே விட்டுக்கொடுத்த கியூரிக்கு, தன் ஆய்வுக்கு அதை வாங்க வழியில்லை. 1920இல் அவரைப் பேட்டி கண்ட பத்திரிகையாளர் மிஸ்ஸி மெலோனி, ஊர் திரும்பி அமெரிக்கப் பெண்களிடம் கையேந்தினார். ஓராண்டுக்குள் பணம் சேர்ந்துவிட்டது.

விழாவுக்கு முந்தைய இரவு நன்கொடைப் பத்திரத்தைப் படித்த கியூரி அதை மாற்றச் சொன்னார். தன் பெயரில் இருந்தால், தனக்குப் பின் ரேடியம் மகள்களின் சொத்தாகிவிடும். ஆய்வகத்தின் பெயருக்கே எழுத வேண்டும் என்றார். விடியும்வரை காத்திருக்கவும் மனமில்லை. அந்த இரவிலேயே வழக்கறிஞரை வரவழைத்தார்கள். எத்தனை தெளிவு அந்த மனுஷிக்கு!

சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்கும் பெண்களின் முயற்சிதான் தொடக்கம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியே நிதி திரட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. சில ஆண்டுகளில் கனடாவின் அன்பளிப்பாக, கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான ஒரு கோபால்ட் கருவியும் வந்தது.

நோயாளிகள் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்வது இந்தச் சிகிச்சையைத்தான். கதிர், புற்றணுவின் மரபிழையை அறுத்து அதைப் பெருகவிடாமல் செய்கிறது. வாரக்கணக்கில், தோலில் போட்ட குறி அழியாமல் பார்த்துக்கொண்டு, நோயாளி வந்துபோக வேண்டும்.

ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைய சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். கோபால்ட்-60க்கு ஐந்தே கால் ஆண்டு போதும். வீரியம் பாதியானால் அதே அளவு கதிரைச் செலுத்த இரு மடங்கு நேரம் பிடிக்கும். வாசலில் வரிசை நீளும். இலவசமாக வந்த கருவியானாலும் கோபால்ட்டைக் காசு கொடுத்துத்தான் மாற்றியாக வேண்டும். மின்சாரத்தால் கதிரை உருவாக்கும் இன்றைய லீனியர் ஆக்ஸிலரேட்டருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் தடையில்லாத மின்சாரம், பராமரிப்பு ஒப்பந்தம், கதிரின் அளவைச் சரிபார்க்கும் மருத்துவ இயற்பியலாளர் எல்லாம் ஆண்டு முழுதும் வேண்டும். கருவி வாங்கக் கிடைக்கும் நன்கொடை இவற்றுக்குக் கிடைப்பது அரிது.

நன்கொடை தர நினைப்பவர்கள் மருத்துவமனையிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “ஏற்கெனவே உள்ள கருவி ஓட இந்த ஆண்டு என்ன தேவை?” அதற்குக் கொடுங்கள். கியூரி கேட்டதுபோல, நிறுவனத்தின் பெயருக்கே கொடுங்கள்.