பால் தேத்தண்ணிக்குப் பால் வேண்டும்

2022 மார்ச் மாதம் 400 கிராம் பால்மாப் பைக்கற்றின் விலை ஒரேயடியாக 250 ரூபாவால் ஏறி 790 ரூபாவில் நின்றது. ஐந்து மாதத்துக்கு முன்னர் அது 480 ரூபா. கடையில் ஒரு கோப்பை பால் தேத்தண்ணி இனி 100 ரூபா என்று உணவக உரிமையாளர்கள் அறிவித்ததும் அந்த நாட்களில்தான். இறக்காமத்தில் எங்கள் வீட்டில் அதன் பிறகு பல மாதங்களுக்குப் பிளேன்டீதான். வீட்டு ஆட்களுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் வந்த ஆளுக்குப் பால் ஊற்றாத தேத்தண்ணி கொடுப்பதென்றால் மனசு ஒரு மாதிரிக் கூசும். இஞ்சி தட்டிப் போட்டு, "இருமலுக்கு நல்லம்" என்று சொல்லிக் கொடுத்துச் சமாளித்தோம்.

அந்த நேரத்தில்தான் அடுத்த வளவில் மாடு வைத்திருக்கும் ராத்தா காலையில் ஒரு போத்தல் பால் தர ஒத்துக்கொண்டா. இருபது, முப்பது வருடமாகப் பால்மாவைக் கரைத்துப் பழகிய கைக்குப் பசுப்பால் பிடிபடவில்லை. முதல் நாளே பால் திரைந்து போனது. பிழை பாலில் இல்லை, என்னில்தான். பச்சை இஞ்சியைத் தட்டி நேரே பாலில் போட்டு அடுப்பில் வைத்துவிட்டேன்.

பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. இளஞ்சூட்டில் அது பாலின் புரதத்தை வெட்டிப் பாலைக் கட்டிபடச் செய்துவிடும். தென் சீனாவின் குவாங்டொங் பக்கத்தில் இந்தக் குணத்தை வைத்தே இஞ்சிச் சாற்றில் பாலை உறைய வைத்து ஓர் இனிப்புச் செய்கிறார்கள். நல்ல கொதியில் அந்த நொதியம் செயலிழந்துவிடும். ஆகவே இஞ்சி முதலில் தண்ணீரில் கொதிக்க வேண்டும், பால் பிறகுதான் வர வேண்டும். பால்மாக் காலத்தில் இந்த வில்லங்கம் எனக்குத் தெரிய வரவேயில்லை, ஏனென்றால் கொதித்து வடித்த சாயத்தில்தான் மாவைக் கரைப்போம்.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். இரண்டு கோப்பைக்கு ஒரு கோப்பை தண்ணீர், ஒரு கோப்பை பால். பால் கறந்ததாக இருந்தால் தனியாக ஒரு தடவை பொங்கக் காய்ச்சி வைத்துவிட வேண்டும். பச்சைப்பாலால் வரும் காய்ச்சல்கள் உண்டு, இதில் சோம்பல் பார்க்கக் கூடாது. தண்ணீரில் பெருவிரல் நகமளவு இஞ்சி தட்டியது, கறுவாப்பட்டை விரல் கணு நீளம், கராம்பு ஒன்று, மிளகு மூன்று நான்கு. கராம்பு இரண்டானால் தேத்தண்ணி பல்வலி மருந்து மாதிரி மணக்கும். மூடி போட்டு ஐந்து நிமிடம் கொதித்ததும் தேயிலைத் தூள் இரண்டு கரண்டி போட்டு, ஒரு நிமிடத்துக்குள் காய்ச்சிய பாலை ஊற்ற வேண்டும். பிறகு இரண்டு மூன்று தடவை பொங்கி எழ விட்டு இறக்க வேண்டும். ஏலக்காய் மூன்றைத் தோலோடு தட்டி இறக்கும் நேரத்தில் போடுவது என் வழக்கம். அதன் வாசனை காற்றோடு போய்விடக்கூடியது, முதலே போட்டால் அடுப்படிதான் மணக்கும்.

தேயிலையைத் தண்ணீரில் நெடுநேரம் கொதிக்க விட்டால் கயர்ப்பு ஏறும். அந்தக் கயர்ப்பைத் தருவதைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்வதால்தான் பால் ஊற்றியதும் நாக்கு இளகுகிறது. சரக்குகளின் வாசனை எண்ணெய்களில் கரையும், பாலில் உள்ள கொழுப்பு அதை ஏந்திக் கொள்ளும். பசுப்பாலில் நூற்றுக்கு நாலளவில் கொழுப்பென்றால் எருமைப்பாலில் ஏழளவில் இருக்கும். எருமைப்பாலில் வைத்த தேத்தண்ணி பாயாசம் போல இருக்கும், எனக்கு அது ஒரு கோப்பைக்கு மேல் இறங்காது. எங்கள் பக்கத்து எருமைப்பால் பெரும்பாலும் தயிர்ச்சட்டிக்கே போய்விடுவதும் ஒரு காரணம். சீனிக்குப் பதில் சக்கரையோ பனங்கட்டியோ போடுகிறவர்கள் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு போடுங்கள். கொதிக்கிற பாலில் போட்டால் அதுவும் திரைத்துவிடும். விறகடுப்பென்றால் மூடி கட்டாயம், பால் புகை மணத்தை உடனே பிடிக்கும். எரிவாயு கிடைக்காமல் சிலிண்டரோடு வரிசையில் நின்ற அந்த வருடம் இதையும் கற்றுக்கொண்டேன்.

கறுவா வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். எங்கள் நாட்டுக் கறுவா மெல்லிய பட்டைகள் பல சுருளாக உள்ளே அடுக்கி, விரலால் நொறுங்கக் கூடியதாக இருக்கும். தடித்த ஒற்றைப் பட்டையாக, மரத்துண்டு போல இருந்தால் அது வேறு மரம்.

இந்தச் சேர்மானம் எங்கள் ஊருக்குப் பழையதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இஞ்சிப் பிளேன்டீ உண்டு, மல்லித் தண்ணி உண்டு, பிள்ளை பெற்ற தாய்க்கு அரைக்கும் காயச்சரக்கு உண்டு. பாலும் சரக்கும் சாயமும் ஒரே சட்டியில் கொதிப்பது வளைகுடாவிலிருந்து வந்தது. எங்கள் காக்கா கட்டாரில் வாகனம் ஓடியவர். அங்கே அதற்குக் 'கரக்' என்று பெயர். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கடுப்பமான தேநீரைச் சொல்லும் 'கடக்' என்ற சொல் அரபு நாட்டில் அப்படித் திரும்பியது. கடை வாசலில் வாகனத்தை நிறுத்தி ஹோன் அடித்தால் பையன் கடதாசிக் கோப்பையில் கொண்டுவந்து நீட்டுவானாம். அங்கே தகரப்பால்தான் ஊற்றுவார்கள். லீவில் வந்தபோது காக்கா ஆறு தகரம் கொண்டுவந்தார். அது முடிந்த அன்று கரக்கும் முடிந்தது. இந்தியக் கடைகளில் பாவிப்பது இயந்திரத்தில் நசித்துக் குறுணியாக்கிய தேயிலை, சாயம் சட்டென்று இறங்கும். இலங்கையில் பெரும்பகுதி பழைய முறைப்படி உருட்டிய இலை. ஆகவே எங்கள் தேயிலையில் பால் கூடினால் தேத்தண்ணி வெளிறிப் போகும். பொடித் தூளாக, தாழ்நிலத் தேயிலையாகப் பார்த்து எடுத்தால் பாலுக்கு நின்று பிடிக்கும்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தூரவில் தேயிலை நட்ட நாளிலிருந்து அந்த இலையைக் கிள்ளும் மலையகத் தமிழர்களின் சம்பளம் பற்றி இந்தத் தளத்தில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் இங்கே பாலைப் பற்றியே சொல்ல வருகிறேன்.

நான் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் பால்மா இல்லை. பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து ஓர் அண்ணன் சைக்கிளில் பால் கொண்டு வருவார். உம்மா தன் போத்தலையே கொடுத்தனுப்புவா. அவரிடமிருந்த போத்தல்கள் முன்பு எதற்கு இருந்தவை என்று அவவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. வாசலில் இருந்து தன் பாலில் வைத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போவார். உம்மாவை "புள்ள" என்பார், என்னை "மனே" என்பார்.

1985இல் கரையில் கலவரம் வந்தபோது சில கிழமை நின்று, பிறகு வந்தார். 1990இல் நின்றவர் நின்றவர்தான். அந்த ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். அதே ஓகஸ்டில் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். எங்கள் ஆட்கள் அவர்கள் பாதையிலும் அவர்கள் ஆட்கள் எங்கள் பாதையிலும் போவதில்லை என்றானது. பாலும் அதோடு போனது. உம்மா கடையில் பால்மா வாங்கத் தொடங்கினா. எந்தக் கொம்பனி மாவானாலும் எங்கள் வீட்டில் அதற்கு 'அங்கர்' என்றே பெயர்.

2002இல் யுத்த நிறுத்தம் வந்து சில மாதங்களின் பின் ஒருநாள் அவர் நடந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மாடுகள் ஒன்றும் இல்லை என்றார். யார் பிடித்தது என்று அவர் சொல்லவில்லை, உம்மாவும் கேட்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தா. ஒரு மிடறு குடித்துவிட்டு, "என்ன புள்ள, மாவா?" என்றார்.

"மாடு போனா மாத்தானே அண்ணே" என்றா உம்மா.

இருவரும் சிரித்தார்கள். பிறகு உம்மா குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

மாடு திரும்பி வருவதற்கு அமைதி மட்டும் போதாது, புல்லும் வேண்டும். எங்கள் பக்கம் நெல்லுக் கண்டம். பெரும்போகம் விதைத்துவிட்டால் மாட்டை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. அறுவடை முடியும் வரை உள்ளே மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தரைகள்தான் இப்போது பிரச்சினை. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் அத்துமீறிப் பயிர்செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். அங்கே பறிகொடுப்பவர்கள் தமிழர்கள் என்பதால் எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பேச்சுக் குறைவு. எங்கள் மாவட்டத்திலேயே வட்டமடுவில் மாடு வளர்ப்பவர்களுக்கும் வயல் செய்பவர்களுக்கும் இடையே நீண்ட பிணக்கு இருக்கிறது. அதில் வயல் செய்பவர்கள் பக்கத்தில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் காணிக் கடதாசியும் நியாயமும் இருப்பதாகச் சொல்கிறார்கள், இருக்கவும் கூடும். ஆனால் மேய்ச்சல் தரை எதுவென்று எல்லை போட்டுக் காக்காமல் விட்டது அரசு. அந்தச் சண்டையை நாங்கள் எங்களுக்குள் பிடித்துக்கொண்டிருக்கிறோம், நியூசிலாந்திலிருந்து மா வந்துகொண்டிருக்கிறது.

பால்மா மட்டும்தான் கையில் இருக்கிறதென்றாலும் இந்தத் தேத்தண்ணி வைக்கலாம். சரக்கையும் தேயிலையையும் ஒன்றரைக் கோப்பை தண்ணீரில் கொதிக்க வைத்து வடியுங்கள். மூன்று மேசைக் கரண்டி மாவோடு சீனியைக் கலந்து, அரைக் கோப்பை இளஞ்சூட்டு நீரில் கட்டியில்லாமல் அடித்து, வடித்த சாயத்தில் ஊற்றுங்கள். பிறகு கொதிக்க விடவேண்டாம், மா வெந்த மணம் வரும். இரண்டு கோப்பைகளுக்கிடையில் உயர்த்தி நாலு தடவை ஆற்றினால் நுரை எழும்பும், வெறும் மாவென்று தெரியாது. அந்த அண்ணன் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

இந்தக் கிழமை எங்கள் வீட்டிலும் மாதான். ராத்தாவின் பசு கன்று போட இன்னும் ஒரு மாதம் இருக்கிறதாம், கறவை நிறுத்தியாயிற்று. மற்ற மாட்டை வயல் விதைப்புக்கு முன்னரே உள்ளே அனுப்பிவிட்டா. எங்கே மேய்க்கிறார்கள் என்று கேட்டேன். "போன வருசம் மேய்ச்ச இடத்த இப்ப கம்பி அடிச்சிரிக்காங்களாம் தங்கச்சி, வேற இடம் பாக்கிறாங்க" என்றா.