திடமா, திரவமா? – 7
ஒரு சொட்டுக்குப் பதின்மூன்று ஆண்டு

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் சன்னல் கண்ணாடி அடிப்பக்கம் தடித்திருக்கிறதே, கண்ணாடி ஒழுகுகிறதா என்ற கேள்வியோடு சென்ற வாரம் நின்றது. பதிலுக்குப் போகும் வழியில் ஒரு புனல் குறுக்கே வந்துவிட்டது.

புனல் இருப்பது ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில். 1927இல் இயற்பியல் பேராசிரியர் தாமஸ் பார்னெல் பிட்ச் என்னும் கருங்கீலைச் சூடாக்கி, அடி மூடிய கண்ணாடிப் புனலில் ஊற்றினார். சுத்தியலால் தட்டினால் சில்லுசில்லாக உடையும் பொருள் அது. மூன்றாண்டுகள் படியவிட்டு, 1930இல் புனலின் நுனியை வெட்டித் திறந்தார். கல்போல் இருப்பதும் ஒழுகும் என்று மாணவர்களுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் சொட்டு விழுந்தது 1938இல்! இரண்டாவது 1947இல். மறு ஆண்டு பார்னெல் காலமானார்.

அதன்பின் புனல் அலமாரிக்குள் கிடந்தது. 1961இல் பணியில் சேர்ந்த ஜான் மெயின்ஸ்டோன் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சொட்டு விழும் அந்த நொடியை யாருமே கண்ணால் பார்த்ததில்லை. அவருக்கு அதைப் பார்த்துவிட வேண்டும்.

1979இல் அது வார இறுதியில் விழுந்தது. 1988இல் பிரிஸ்பேன் உலகக் கண்காட்சியில் புனலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். குடிக்க ஏதாவது வாங்கிவர மனிதர் சில நிமிடம் நகர்ந்தார், அதற்குள் கதை முடிந்தது. 2000இல் அவர் லண்டனில் இருந்தார். காவலுக்கு வைத்த கேமரா சரியாக அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது. எட்டு ஒன்பது ஆண்டு இடைவெளி இப்போது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கட்டடத்துக்கு ஏசி போட்டுவிட்டார்கள். குளிர்ந்த கீல் இன்னும் சோம்பல்படும்.

2005இல் மெயின்ஸ்டோனுக்கும் மறைந்த பார்னெலுக்கும் சேர்த்து இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. இதைவிடத் தகுதியான ஆள் கிடைப்பது கடினம்.

கடைசியில் முந்திக்கொண்டது அயர்லாந்து. டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் 1944இல் தொடங்கிய இன்னொரு கீல் புனல் உண்டு. தொடங்கியவர் யார் என்பதே மறந்துபோயிருந்தது. 2013 ஜூலை 11 அன்று அதில் சொட்டு விழுவது கேமராவில் பதிவானது. மெயின்ஸ்டோன் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அடுத்த மாதமே இறந்தார். அவருடைய ஒன்பதாவது சொட்டு 2014 ஏப்ரலில்தான் பிரிந்தது, அதுவும் கீழே இருந்த குவளையை மாற்றப்போன நேரத்தில்.

இத்தனை தவறவிட்டதிலும் அறிவியலுக்கு நட்டமில்லை. விழும் நொடியை யாரும் பார்க்காமலே, விழுந்த ஆண்டுகளை வைத்துக் கணக்குப் போட முடிந்தது: கீலின் பாகுத்தன்மை தண்ணீரைப்போல் சுமார் 23,000 கோடி மடங்கு.

கண்ணாடியோ இதே கணக்கில் கீலையும் தண்ணீராக்கிவிடும். தேவாலயச் சன்னல்கள் ஒழுகவில்லை என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லலாம். பிறகு அடிப்பக்கம் ஏன் தடித்தது? பழைய கண்ணாடித் தொழிலாளர்கள் தகடு செய்த விதமும், பிரேசிலின் எட்கர் சனோட்டோ 1998இல் போட்ட கணக்கும் அடுத்த வாரம்.