'டர்ன் ஆஃப் இட்' ஏன் தவறு?

விளக்கை அணைக்கச் சொல்ல ஆங்கிலத்தில் இரு வழி: 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்'. 'லைட்'டுக்குப் பதில் 'இட்' வந்தால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'லுக் அட் இட்' என்பதிலோ 'அட்' நகரவே நகராது. ஏன்?

'அட்' பெயர்ச்சொல்லோடு ஒட்டியது. நம் வேற்றுமை உருபு செய்யும் வேலைதான். முன்னால் நின்று செய்கிறது. 'ஆஃப்' வினையின் கூட்டாளி. அது இல்லாவிட்டால் 'டர்ன்' வெறும் திருப்புதல்தான். ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் பெரும்பாலும் அழுத்தம் விழும் இடம், புதுச் செய்திக்கான இடம். 'இட்' ஏற்கெனவே தெரிந்ததைச் சுட்டும் மெலிந்த சொல். அதனால் நடுவில் ஒதுங்குகிறது.

பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. சொல்லின் முதல் அசையில் அழுத்தம் விழுந்ததால் கடைசி உயிர்கள் மங்கித் தேய்ந்தன. அவற்றின் சுமை 'அட்' போன்ற முன்னிடைச்சொற்கள்மேலும் சொல்வரிசைமேலும் ஏறியது.

முன்னிடைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் விடலாமா? கூடாதென 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், அப்படி எழுதிய நாடக ஆசிரியர் பென் ஜான்சனைக் குறைகூறினார். லத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்தின்மேல் ஏற்றும் மோகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' என்று ஆங்கிலேயர் இன்றும் இயல்பாகக் கேட்கிறார்கள்.