மழை வந்தால் டி.வி. ஏன் நிற்கிறது?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் ஆலங்குளம் பக்கம் பட்டாசு வேலை ஓடாது. சரக்கு காய வெயில் வேண்டுமே! வேலையில்லாத அன்றுதான் எங்க அப்பத்தா டி.வி. முன்னால் உட்காரும். அன்றைக்குப் பார்த்துத்தான் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகும்.

"ஏய்யா, நீ கரண்டுப் படிப்புத்தானே படிக்கிற? முன்னாடி கம்பி ஆண்டெனாவுல புள்ளி புள்ளியாவாவது படம் வந்துச்சு. இப்ப ஏன் மொத்தமா நிக்குது?" என்று கேட்டது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். எனக்கே பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததே இக்கட்டுரை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. அதன் நிகழ்ச்சிகளைத் தென்மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தது கொடைக்கானல் மலைமேல் இருந்த தூர்தர்ஷன் ஒளிபரப்பு நிலையம். நம் ஊர் ஆண்டெனாக்கள் எல்லாம் வடக்கே கொடைக்கானலைப் பார்த்தே நின்றன. மாதக் கட்டணம் கிடையாது. அது அனலாக் முறை.

அம்முறையில் ஓர் அலைவரிசையில் ஒரு நிகழ்ச்சிதான் போகும். டிஜிட்டலில் படம் 0, 1 என்ற எண்களாக மாறுகிறது. செய்தி வாசிப்பவரின் பின்னால் உள்ள சுவர் அசைவதில்லை அல்லவா? அதைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். இதனால் ஒரே இடத்தில் பல சேனல்களை அடக்கலாம். 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் செயற்கைக்கோள் வழி இலவச டிஷ் சேவையைத் தொடங்கியது. முக்கியமான சில இடங்களில் உள்ள 50 நிலையங்கள் தவிர மற்ற அனலாக் ஒளிபரப்பு நிலையங்களை 2022 மார்ச்சுக்குள் மூடுவதாக பிரசார் பாரதி 2021ல் அறிவித்தது. வீட்டு மாடியில் நின்ற ஆண்டெனாக் கம்பி இன்று துணி காயப்போட உதவுகிறது.

இப்போது அப்பத்தா கேள்விக்கு வருவோம். அனலாக் சிக்னல் குறையக் குறையப் படமும் மெல்ல மங்கும். டிஜிட்டல் அப்படி அல்ல. அதன் வேலைக் கணக்கு நோட்டையே உதாரணமாகச் சொன்னேன். திங்கள் 4 கட்டு, செவ்வாய் 7, புதன் 5, மொத்தம் 16. மழைத்துளி பட்டு 7 அழிந்துவிட்டால்? மொத்தத்தில் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு எண் அழிந்தால் முடியாது. டிஜிட்டலிலும் இப்படிக் கூடுதல் எண்கள் சேர்த்து அனுப்புகிறார்கள். பிழை ஓர் எல்லைக்குள் இருந்தால் படம் பளிச்சென்று இருக்கும். எல்லை தாண்டினால் படமே இல்லை! போதாக்குறைக்கு, டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. பலத்த மழை அதை எளிதில் உறிஞ்சிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டிஜிட்டல் தன் பலவீனத்தை வெளியே காட்டாது. டிஷ் சற்றே விலகியிருந்தாலும் வெயில் நாளில் படம் நன்றாகவே தெரியும். மழையில்தான் குட்டு வெளிப்படும். ஆகவே மழைக்கு முன்பே, வெயில் நாளிலேயே செட்டாப் பாக்ஸில் சிக்னல் தரம் எவ்வளவு என்று பார்த்து டிஷ்ஷைத் திருப்ப வேண்டும். இலவச டிஷ்ஷுக்குரிய செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் உள்ளது. நம் பகுதியில் இருந்து பார்த்தால் அது நேர் கிழக்கிலிருந்து தெற்கே சுமார் 30 டிகிரி, தரையிலிருந்து மேலே சுமார் 68 டிகிரி.

நானே ஸ்பேனர் எடுத்துத் திருப்பினேன், ஒயர் முனையில் இருந்த துருவைச் சுரண்டினேன். இப்போது தூறலுக்குப் படம் நிற்பதில்லை. அடைமழைக்கு இன்னும் நிற்கத்தான் செய்கிறது. "அதுக்கு நீ என்னய்யா பண்ணுவ, மானத்துக்கிட்டதான் கேக்கணும்" என்று அப்பத்தா சிரித்தது.

நண்பர்களே, நாம் படிப்பது பரீட்சைக்கு மட்டும் அல்ல. நம் தெருவில் எத்தனையோ டிஷ்கள் கோணலாக நிற்கின்றன. இந்த ஐப்பசிக்கு முன் ஒன்றையாவது நிமிர்த்துவோம்!