பாசுபோ-யூபிகுவிட்டின் பிறபொருளெதிரி

பாசுபோ-யூபிகுவிட்டின் பிறபொருளெதிரி என்பது, உயிரணுவுக்குள் பழுதடைந்த இழைமணிகளின் மேல் ஏறும் ஒரு வேதியியல் அடையாளத்தைக் கண்டறிய உதவும் ஆய்வுக் கருவியாகும். இழைமணி என்பது மைட்டோகாண்ட்ரியாவுக்கும், பிறபொருளெதிரி என்பது ஆன்டிபாடிக்கும் தமிழில் வழங்கும் பெயர்கள். பார்க்கின்சன் நோய் முதலிய நரம்புச் சிதைவு நோய்களின் ஆராய்ச்சியில் இக்கருவி பயன்படுகிறது.

இழைமணியும் நரம்பணுவும்

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆயினும் ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. இந்த ஆற்றலின் பெரும்பகுதி இழைமணிகளில் உருவாகிறது. முதிர்ந்த நரம்பணுக்கள் பிளவுறுவதில்லை. எனவே அவற்றில் பழுதடைந்த இழைமணிகளை அவ்வப்போது அகற்றியாக வேண்டும்.

இழைமணிப் பழுதுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் உள்ள தொடர்பு 1982-இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்டது. எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்திருந்த போதை மருந்தை ஊசிமூலம் ஏற்றிக்கொண்ட இளவயதினர் சிலருக்குக் குறுகிய காலத்தில் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் தோன்றின. அப்பொருள் மூளையில் மாற்றமடைந்து, இழைமணியின் ஆற்றல் உற்பத்தித் தொடரில் முதல் படியைத் தடுக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது.

அடையாளம் ஏறும் விதம்

இளவயதில் தொடங்கும் மரபுவழிப் பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய பார்க்கின் மரபணு 1998-இலும், பிங்க்1 மரபணுவின் தொடர்பு 2004-இலும் அறியப்பட்டன. இவ்விரண்டு மரபணுக்களின் புரதங்களும் சேர்ந்தே பழுதான இழைமணிகளை அகற்றும் பணியைத் தொடங்கிவைக்கின்றன.

நலமான இழைமணியில் பிங்க்1 உள்ளே இழுக்கப்பட்டு, வெட்டப்பட்டு, அழிக்கப்படுகிறது. இழைமணியின் உட்சவ்வு மின்னழுத்தத்தை இழந்தால் இது நடப்பதில்லை. பிங்க்1 வெளிச்சவ்விலேயே தேங்கி நிற்கிறது. அங்குள்ள யூபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தின் மேல் அது ஒரு பாசுபேட்டை ஏற்றுகிறது. யூபிகுவிட்டினில் 76 அமினோ அமிலங்கள் உள்ளன. பாசுபேட்டு ஏறுவது 65-ஆவது இடத்திலுள்ள செரினில். 2014-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் இதனைத் தனித்தனியே வெளியிட்டன.

பாசுபேட்டு ஏறிய யூபிகுவிட்டின் பார்க்கினைச் செயல்பட வைக்கிறது. பார்க்கின் மேலும் பல யூபிகுவிட்டின்களை இழைமணியின் மேல் ஒட்டுகிறது. அவற்றின் மேலும் பிங்க்1 பாசுபேட்டை ஏற்றுகிறது. இவ்வாறு அடையாளம் பெருகிய இழைமணி சவ்வுறையால் சூழப்பட்டு, லைசோசோமில் சிதைக்கப்படுகிறது.

உருவாக்கும் முறை

யூபிகுவிட்டின் உயிரினங்களிடையே மிகக் குறைவாகவே மாறிய புரதம். ஈஸ்ட்டுக்கும் மனிதருக்கும் இடையே மூன்று அமினோ அமிலங்களே வேறுபடுகின்றன. மனிதருக்கும் முயலுக்கும் வேறுபாடே இல்லை. தன் உடலில் உள்ள புரதத்தையே செலுத்தினால் முயலின் நோயெதிர்ப்பு அமைப்பு அதை அயற்பொருளாகக் கருதாது. எனவே பாசுபேட்டு ஏறிய பகுதியை மட்டும் அதற்கு அடையாளம் காட்ட வேண்டும்.

இதற்காக 65-ஆவது செரினைச் சுற்றியுள்ள சிறு பெப்டைடு, பாசுபேட்டுடன் சேர்த்துச் செயற்கையாகத் தயாரிக்கப்படுகிறது. சிறிய பெப்டைடு தனியே போதிய எதிர்வினையைத் தூண்டாது. ஆகவே அது ஒரு பெரிய தாங்கு புரதத்துடன் இணைக்கப்பட்டு, சில வார இடைவெளிகளில் விலங்குக்குச் செலுத்தப்படுகிறது.

பின்னர் எடுக்கப்படும் குருதி நீரில் பலவகைப் பிறபொருளெதிரிகள் கலந்திருக்கும். பாசுபேட்டு உள்ள பெப்டைடு பொருத்திய குழாயில் குருதி நீரைச் செலுத்தினால் தேவையானவை ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிரித்து, பாசுபேட்டு இல்லாத பெப்டைடு பொருத்திய மற்றொரு குழாயில் செலுத்துவர். இதில் ஒட்டுபவை பாசுபேட்டு இல்லாமலேயே பிணைபவை என்பதால் அவை விலக்கப்படும். ஒட்டாமல் வெளிவருபவையே சேகரிக்கப்படும்.

நம்பகத்தன்மைச் சோதனை

ஒரு பிறபொருளெதிரி எதனோடு பிணைகிறது என்பதைவிட, எதனோடு பிணையாமல் இருக்கிறது என்பதே அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது. வேறொரு புரதத்தோடு அது பிணைந்துவிட்டால், நலமான உயிரணுவும் பழுதுற்றதாகத் தோன்றும்.

முதற்சோதனையில் இழைமணியின் மின்னழுத்தத்தைக் குலைக்கும் வேதிப்பொருள் உயிரணுக்களுக்குத் தரப்படுகிறது. அடையாளம் அப்போது கூட வேண்டும். இரண்டாவது, பிங்க்1 மரபணு நீக்கப்பட்ட உயிரணுக்களில் அதே வேதிப்பொருளைத் தந்தாலும் அடையாளம் தோன்றக்கூடாது. மூன்றாவது, பாசுபேட்டை அகற்றும் நொதியைச் சேர்த்தால் அடையாளம் மறைய வேண்டும். பார்க்கினிலும் யூபிகுவிட்டினைப் போன்ற ஒரு பகுதி உண்டு. அதன் 65-ஆவது செரினிலும் பிங்க்1 பாசுபேட்டை ஏற்றுவதால், அதனோடு பிணைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

2015-இல் வெளியான ஓர் ஆய்வு இத்தகைய பிறபொருளெதிரிகளை மனித மூளைத் திசுவில் பயன்படுத்தியது. முதுமையிலும் நோயிலும் இந்த அடையாளம் மூளை உயிரணுக்களில் சிறு மணிகளாகச் சேர்வதை அது காட்டியது. பிங்க்1 மரபணுவில் நோய் விளைவிக்கும் மாற்றம் கொண்டவர்களின் திசுக்களையும் ஒப்பிட்டு, அடையாளம் பிங்க்1-ஐச் சார்ந்தது என்பதை அவ்வாய்வு உறுதிசெய்தது.

பயனும் வரம்பும்

அடையாளம் மிகுந்து காணப்படுவதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். இழைமணிகள் அதிகமாகப் பழுதடைந்திருக்கலாம். அல்லது அகற்றும் பணி இடையில் நின்றிருக்கலாம். பிறபொருளெதிரி மட்டும் இவற்றை வேறுபடுத்தாது. லைசோசோமின் செயல்பாட்டையும் சேர்த்து ஆராய வேண்டும். நோய்க்குக் காரணமான பிங்க்1 மாற்றம் உள்ளவரிடம் அடையாளம் இல்லாதிருப்பதை நலம் என்று கொள்ளவும் கூடாது. அங்கே பழுது இருந்தும் அடையாளம் ஏறுவதில்லை.

பார்க்கின்சன் நோயின் அசைவுக் குறைபாடுகள் வெளித்தெரியும் முன்பே, நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும்பங்கு அழிந்துவிடுகிறது. எனவே பழுதை முன்கூட்டியே காட்டும் அளவீடு தேவைப்படுகிறது. இயல்பான நிலையில் இந்த அடையாளம் மிகக் குறைவாகவே இருப்பதால், ஒரே பொருளை இரு பிறபொருளெதிரிகளால் பற்றி அளக்கும் நுண்ணிய எலைசா முறைகள் உருவாக்கப்பட்டுள்ளன. பிங்க்1-இன் செயலைத் தூண்டக்கூடிய மருந்துப் பொருள்களைச் சோதிக்கும்போது, அவை உண்மையில் வேலை செய்கின்றனவா என்பதை அறியவும் இதே அடையாளம் அளக்கப்படுகிறது.