ஆழ்கடலும் ஆவாரம்பட்டையும்



ஆம்பூரில் நான் ஆசிரியப் பணியாற்றிய நாளில், தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகன் தான் எழுதிய மர்மக்கதை ஒன்றைக் கொணர்ந்து காட்டினான். மூழ்கிய கப்பலில் புதையல் தேடும் வீரனின் கதை அது. “பாலாற்றிலேயே நீரில்லை, உனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?” என்று நகைத்துவிட்டேன். அதன்பின் அவன் என்னிடம் கதை எதுவும் காட்டவில்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியவற்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

அவன் கதையில் வீரன், பகைவனைக் கண்டதும் மூச்சை அடக்கிக்கொண்டு அம்பென மேலே எழுவான். 1943-இல் கூஸ்டோவும் காக்னானும் உருவாக்கிய மூச்சுக்கருவியை அணிந்து மூழ்குவோர் அவ்வாறு செய்தல் ஆகாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. அங்கே நுரையீரலில் நிறைத்த காற்றை வெளிவிடாமல் எழுந்தால், அது இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். நெடுநேரம் ஆழத்தில் இருந்தவர் விரைந்து எழுந்தாலோ, குருதியில் கரைந்த நைட்ரசன் குமிழிகளாகும். பகைவன் துரத்தியும் மெல்லவே எழ வேண்டிய நிலையைவிடத் திகிலூட்டுவது வேறென்ன?

இவ்வகை அறிவை நேரில் தேடியவர் ஆர்தர் கிளார்க். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் அவர் மூழ்கிக் கண்டவை, 1963-இல் வெளிவந்த ‘டால்பின் தீவு’ என்னும் சாகசப் புதினத்திற்குக் களமாயின. 1956-இல் அவர் இலங்கையில் குடியேறினார். அத்தீவின் தென்கீழ்க் கடலிலுள்ள கிரேட் பாசஸ் பாறைத்தொடரில், 1961-இல் அவருடைய நண்பர் மைக் வில்சன் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டார். அங்கிருந்த முகலாயர் கால வெள்ளி நாணயங்கள், கதைகளில் வருவதுபோல் திறந்த பேழையில் மின்னவில்லை. ஒன்றோடொன்று இறுகிக் கட்டிகளாகக் கிடந்தன. கல்லென்று ஒதுக்கிய ஒன்று புதையலாவது நல்ல கதைத் திருப்பமன்றோ?

கற்பனையை உண்மை திருத்துவதும் உண்டு. கிளைவ் கஸ்லர் 1976-இல் வெளியிட்ட புதினத்தில் டைட்டானிக் கப்பல் முழுமையாக மேலே கொணரப்படுகிறது. 1985-இல் மெய்யான கப்பல் கண்டறியப்பட்டபோது, அது இரண்டாக உடைந்து கிடந்தது.

ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழமுள்ள அவ்விடத்தில் இன்னொரு காட்சியும் காணப்பட்டது. மாண்டோரின் உடலும் எலும்பும் மறைந்துபோயிருக்க, காலணிகள் இணையிணையாகக் கிடந்தன. மரப்பட்டையின் துவர்ப்பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்துவிட்டால், நுண்ணுயிர்கள் அதை எளிதில் தின்ன இயலாது. நம் முன்னோர் ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் தோலை இட்டதும் இதற்காகவே.

என் மாணவன் தன் கதையில் ஓர் எலும்புக்கூட்டை வைத்திருந்தான். ஓர் இணைக் காலணியை வைத்திருந்தால் கதை எத்துணை உயர்ந்திருக்கும்! கடலைக் காணாத அச்சிறுவனின் வீட்டிலேயே அதற்குரிய அறிவு இருந்தது. அதை எடுத்துக்காட்ட வேண்டிய ஆசிரியன் நகைத்துவிட்டேன்.

எழுத விரும்பும் இளைஞர்களே, அறியாததைத் தேடிப் படியுங்கள், அறிந்தவரைக் கேளுங்கள். உங்கள் தந்தையின் தொழிலையும் மறவாது கேளுங்கள்.