கனவும் நினைவும்

காஞ்சியிற் கற்றளி எடுத்த பல்லவ மன்னன் கண்ட கனவைப் பெரிய புராணம் பயின்றோர் அறிவர். இராஜசிம்மன் எடுத்த கைலாசநாதர் கோயிலே அக்கற்றளி என்பர். திருவிழாவுக்கு முந்திய இரவில் இறைவன் தோன்றி, திருநின்றவூர்ப் பூசலார் மனத்துள் எடுத்த ஆலயத்தில் நாளை தாம் புகுவதாகவும், மன்னன் தன் விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்ளுமாறும் பணித்தனன். மன்னன் விழித்தெழுந்து திருநின்றவூர் சென்றான். அக்கனவை அவன் மறந்திருப்பின், பூசலார் பெருமையை உலகம் அறிந்தவாறு எங்ஙனம்?

கனவை மறத்தலே பெரும்பாலார்க்கு இயல்பு. "எனக்குக் கனவே வருவதில்லை" என்பாரும் நம்முள் உளர். அஃது உண்மையோ? 1953-ஆம் ஆண்டில் சிக்காகோ சர்வகலாசாலையைச் சார்ந்த அஸெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் வேளைகள் உண்டென்றும், அவ்வேளையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறினரென்றும் வெளியிட்டனர். இவ்வகை உறக்கம் ஏறக்குறைய 90 நிமிஷங்களுக்கு ஒருமுறை வந்து, விடியலை நெருங்க நெருங்க நீளும். ஆகவே வேற்றுமை, கனவு காண்பதினும் அதனை நினைவிற் கொள்வதிலேயே பெரிதும் உளது.

அதற்குக் காரணம் யாது? உறக்கத்திற் கண்டது நினைவிற் பதிய வேண்டின், இடையே சிறிது விழித்தல் வேண்டும் என்பர் அறிஞர். பிரான்ஸ் தேசத்து லியோன் நகர ஆராய்ச்சியாளர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கனவை மிக நினைப்போர் இரவிடையே சுமார் 30 நிமிஷமும், அருகி நினைப்போர் அதிற் பாதியளவும் விழித்திருந்தமை காணப்பட்டது. மறுநாள் விழாவை எண்ணித் துயின்ற மன்னனும் ஆழ்ந்து உறங்கியிரான் போலும்! பரீட்சைக்கு முந்திய இரவை அறிந்த மாணவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

விழித்தல் மட்டும் போதாது. உடலும் முந்தானையும் வெவ்வேறு நிறமான பட்டுப்புடைவையில், நம் நகர நெசவாளர் இருநிறப் பாவிழைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுமையுடன் இணைப்பர். கனவையும் விழிப்பையும் அவ்வாறே இணைத்தல் வேண்டும். எழுந்தவுடன் சிந்தை அன்றைய அலுவலில் ஓடின் இழை அறும். அசையாது கிடந்து, கண்டதை நினைந்து, உடனே எழுதிவைப்பார்க்கு அது நிலைக்கும். கனவில் ஆர்வமுடையோர் அதனை மிகுதியாக நினைப்பதும் இதனாலேயே.

ஆதலின், கனவை நினைப்பவர் தம்மைத் தனிவரம் பெற்றவராகக் கருத வேண்டா. மறப்பவர் தமக்கு ஏதோ குறையுளதென வருந்தவும் வேண்டா. கனவை வேண்டி உறக்கத்தைக் கெடுத்தல் பேதைமை. விடியலில் ஒன்றும் நினைவிலில்லையாயின், நன்கு உறங்கினோம் என மகிழ்ந்து எழுவோமாக.